குவளை வைத்த இடம்

பெல்மீரு வந்துபோய்ப் பதினோரு நாள்.
அவன் குடித்து வைத்த குவளை
மேசைமேல் வைத்தது வைத்தபடி.
நான் எடுக்கவில்லை.
ஒனோரியுவும் எடுக்கவில்லை,
உன் தம்பிதானே, நீயே எடு என்பது போல
அதைச் சுற்றிச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டார்.

ஆறு வருஷம் கழித்து
பத்திரமும் பேனாவுமாக வந்தவன்
ஒயின் ஊற்றினால் கையால் மறித்தான்.
'தண்ணீர் போதும், அக்கா.'
பாதி குடித்தான்.
மீதியைப் போர்பாவின் ஆகஸ்ட் குடித்தது.

பன்னிரண்டாம் நாள் எடுத்தேன்.
அடியில் வெள்ளையாக ஒரு வட்டம்,
இளஞ்சிவப்புப் பளிங்கில்
நரம்பு ஓடும் இடத்துக்குச் சற்றே இடப்புறம்.
நிலா என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
குவளையின் அடி. அவ்வளவுதான்.

ஈரத் துணிக்கு அசையவில்லை.
நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போனது.
எதிர்ச் சன்னலிலிருந்து ஜெர்ட்ரூடிஸ்:
எலுமிச்சைக்குப் போகாத கறை உண்டா?

பிழிந்தேன்.
கல் சீறியது.
பால் பொங்குவதற்கு முன்னால்
விளிம்போரம் கேட்குமே, அந்தச் சத்தம்.
வேலை செய்கிறது என்று குஷியாகி
இன்னொரு மூடி பிழிந்தேன்.
கழுவிப் பார்த்தால்
வட்டத்தில் கால்வாசியைக் காணோம்,
அந்த இடத்துப் பளபளப்பையும் காணோம்.
புரை விழுந்த கண் மாதிரி
மேசை என்னைப் பார்த்தது.

மருமகள் ரூத்திக்கு எவோராவில்
தண்ணீரைச் சோதிக்கிற வேலை.
தொலைபேசியில் முதலில் சிரித்தாள்,
பிறகு அடக்கிக்கொண்டு,
'உங்கள் கிணறு எதில் தோண்டியது, அத்தை?'

எதில் தோண்டுவார்கள் இந்த ஊரில்?
வாசற்படி அந்தக் கல், கழுவுதொட்டி அந்தக் கல்,
பன்றிக் கொட்டிலுக்கு முட்டுக்கொடுத்ததும் அந்தக் கல்.

'மழை அதைக் கரைத்துக் கிணற்றில் சேர்க்கிறது.
கிணறு குவளைக்கு வருகிறது.
தண்ணீர் காய்ந்து போகும், கல் போகாது.
அங்கே படிந்திருப்பது அழுக்கில்லை, அத்தை.
மேசைதான்.
அதைத் தின்பது எதுவானாலும் இதையும் தின்னும்.'

பேசி முடித்தும் தொலைபேசியை வைக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
அமிலத்துக்கு ஏது பங்காளி பேதம்.
பெல்மீரு விற்கச் சொல்வதும்
அந்தக் கிணற்றடியைத்தான்.
குவாரிக்காரன் வேலியோரம் வரை வந்துவிட்டான்,
அவனுடைய பம்பு இரவெல்லாம் இறைக்கிறது,
நம் கயிற்றுக்கு இந்த வருஷம் மூன்று முழம் கூடுதல்.
நாளைக்கு வெறும் குழிக்கு யார் காசு கொடுப்பான் என்கிறான்.
அவன் சொல்வதும் பொய்யில்லை,
அதுதான் எரிச்சல்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து
தயிர்ப் பதத்தில் பூசி,
பிளாஸ்டிக் தாளால் மூடி
நான்கு ஓரமும் ஒட்டுநாடா ஒட்டினேன்.
இரவு முழுக்க மேசை
கட்டுப்போட்ட முழங்காலாகப் படுத்திருந்தது.

காலையில் ஈரத்துணியால், அழுத்தாமல்,
எடுத்து எடுத்துத் துடைக்க,
வட்டம் உதிர்ந்துவிட்டது.
எலுமிச்சை தின்ற மங்கல் மட்டும் அங்கேயே.
அது நான் செய்தது.

ஒனோரியு எழுந்து கொட்டகைக்குப் போனார்.
அறுவை ஆலையில் முப்பத்தொரு வருஷம்;
ஓய்வுபெற்ற நாளில் கடிகாரம் கொடுத்தார்கள்,
இவர் கேட்காமல் எடுத்துவந்தது
ஒரு டப்பா வெள்ளீயப் பொடி.
கம்பளித் துண்டில் தொட்டு
ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்தார்.
மதியச் சாப்பாடு ஆறியது.
விளக்கைச் சாய்த்து, குனிந்து,
ஒரு கண்ணை மூடிப் பார்த்து
மறுபடியும் தேய்த்தார்.

இப்போது தெரியாது.
மாலை ஐந்து மணி வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
எங்கே என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பத்திரம் இன்னும் அலமாரியில்தான்.
கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
சந்தையில் தக்கைத் தட்டு கேட்டேன்,
குவளைக்கு அடியில் வைக்க, ஒன்றே ஒன்று.
ஆறாகத்தான் விற்பார்களாம்.
வாங்கிவந்துவிட்டேன்.
நாங்கள் இருப்பது இரண்டு பேர்.